ஜெர்மன் இணைப்புச் சொற்களும் தமிழ்த் திருமறை வாக்கியமும்

திருச்சிராப்பள்ளிக் கோட்டைக்குள், தெப்பக்குளத்தின் அருகே நிற்கும் கிறிஸ்து ஆலயம் 1766-ஆம் ஆண்டில் எழுந்தது. அதனை எழுப்பிய சுவார்ட்ஸ் ஐயர் 1726-ல் ஜெர்மன் நாட்டின் பிராண்டன்பர்க் பகுதியில் பிறந்தவர். இந்தியாவிலிருந்து ஹாலே நகருக்குத் திரும்பியிருந்த ஷூல்ட்ஸே ஐயர் தமிழ் வேதாகமத்தை அங்கே அச்சிட எண்ணியபோது, அப்பணிக்கு உதவும்பொருட்டே இவர் தமிழ் கற்கத் தொடங்கினார். 1750-ல் தரங்கம்பாடி வந்திறங்கி, 1762-ல் திருச்சிராப்பள்ளியை அடைந்து, 1778-ல் தஞ்சை செல்லும்வரை இவ்வூரைத் தம் பணிக்களமாகக் கொண்டார். அவருக்குப் பின் போலே ஐயர் என்னும் மற்றொரு ஜெர்மானியர் 1818 வரை இங்கே ஊழியம் செய்தார். இன்றும் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபையின் தலைமையகம் ‘தரங்கை வாசம்’ இந்நகரிலேயே உள்ளது.

இம்மனிதர்கள் தமிழில் பேசினர், எழுதினர், பிரசங்கித்தனர். ஆனால் அவர்கள் உள்ளத்தில் முதலில் உருவான வாக்கியம் ஜெர்மன் வாக்கியம். ஜெர்மன் வாக்கியம் இணைப்புச் சொற்களால் கட்டப்படுவது. ‘உண்ட்’, ‘டென்’, ‘வைல்’, ‘டாஸ்’, ‘சோண்டர்ன்’ ஆகிய சிறு சொற்களை நீக்கிவிட்டால் லுத்தரின் ஒரு பக்கங்கூட நில்லாது. தமிழிலோ அத்தகைய தனிச்சொற்கள் மிகச் சில. அங்ஙனமாயின் அந்தச் சிறு சொற்கள் தமிழுக்கு வந்தபோது எங்கே போயின? இக்கேள்வி வெறும் இலக்கணக் கேள்வியன்று என்பதே நாம் ஈண்டுக் கூற விழைவது.

முதலில் ஜெர்மன் மொழியின் வழக்கைச் சற்றுக் காண்போம். அம்மொழியில் இணைப்புச் சொற்கள் இருவகைப்படும். ‘உண்ட்’ (உம்), ‘ஓடர்’ (அல்லது), ‘ஆபர்’ (ஆனால்), ‘சோண்டர்ன்’ (எதிர்மறைக்குப் பின்வரும் ஆனால்), ‘டென்’ (ஏனெனில்) ஆகிய ஐந்தும் சமநிலை இணைப்புகள். இவை இரு வாக்கியங்களை ஒன்றன்பக்கம் ஒன்றாக நிறுத்துவன; வினைச்சொல் தனக்குரிய இரண்டாம் இடத்தை விட்டு நகர்வதில்லை. ‘வைல்’ (ஆகையால் என்னும் காரணப் பொருள்), ‘டாஸ்’ (என்று), ‘வென்’ (ஆல், போது), ‘அல்ஸ்’ (போது), ‘ஓப்வோல்’ (போதிலும்), ‘டாமிட்’ (படிக்கு), ‘நாக்டேம்’ (பின்பு) முதலியன மற்றொரு வகை. இவை ஒரு வாக்கியத்தை மற்றொன்றின் கீழ் அடக்குவன. அடங்கிய வாக்கியத்தின் வினைச்சொல் இறுதிக்குத் தள்ளப்படும்.

காவிரியில் வெள்ளம், பரிசல் போகவில்லை. ஆறு பெருகியிருந்தது என்பதைக் காரணமாகச் சொல்ல ஜெர்மானியர்க்கு இரு வழிகள் உண்டு. ‘டென் டெர் ஃப்ளுஸ் வார் ஹோஹ்’ என்றால், ‘ஏனெனில் ஆறு இருந்தது உயரமாய்’ என்று சொல்லுக்குச் சொல் அமையும். ‘வைல் டெர் ஃப்ளுஸ் ஹோஹ் வார்’ என்றால், வினை கடைசிக்குப் போய், ‘ஆறு உயரமாய் இருந்த’ என்னும் நம் வரிசை வந்துவிடுகிறது. நம் மொழியில் வினை எப்போதும் இறுதியில் நிற்பது. இணைப்பும் அவ்வினையின் வாலாகவே ஒட்டும்: ‘இருந்தபடியால்’. ஜெர்மானியர் வாக்கியத்தின் தலையில் சூட்டுவதை நாம் அதன் காலில் கட்டுகின்றோம், வேற்றுமை அவ்வளவே. ஜெர்மன் நூல்களைப் படிக்க முயலும் இறையியல் மாணவர், ‘வைல்’, ‘டாஸ்’, ‘ஓப்வோல்’ எதிர்ப்பட்டவுடன் அச்சொல்லைக் கையில் பிடித்துக்கொண்டு, வாக்கியத்தின் கடைசி வினைவரை சென்று, அங்கே அதனை ஒட்டிப் பார்ப்பாராயின் பாதி இடர் நீங்கும். ஆங்கில வழியாக ஜெர்மன் கற்போர்க்கு இவ்வசதி இல்லை. நம் மாணவர் பலர் ஆங்கிலத்தின் வழியே சுற்றிச் சென்று இவ்வசதியை இழப்பதை வகுப்பறைகளில் காண்கின்றோம்.

‘டென்’, ‘வைல்’ இரண்டும் காரணமே குறிப்பினும் ஒன்றல்ல. ‘வைல்’ நிகழ்ச்சிக்குக் காரணம் கூறும். ‘டென்’ சொல்லியவர் தாம் சொன்னதற்கு ஆதாரம் கூறும். ‘பரிசல்காரன் வீட்டில்தான் இருக்கிறான், ஏனெனில் விளக்கு எரிகிறது’ என்று சொன்னால், விளக்கு எரிவதால் அவன் வீட்டில் இருப்பதாகப் பொருளன்று, விளக்கைக் கொண்டு நாம் அறிகின்றோம் என்பதே பொருள். இவ்விடத்தில் ‘விளக்கு எரிகிறபடியால் அவன் வீட்டில் இருக்கிறான்’ என்றால் நகைப்பாகும். இவ்வேற்றுமையை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். பின்னர் இது பெரிதாகத் தேவைப்படும்.

‘அல்ஸ்’, ‘வென்’ பற்றி ஒரு சொல். கடந்த காலத்தில் ஒருமுறை மட்டும் நிகழ்ந்ததற்கு ‘அல்ஸ்’. மீண்டும் மீண்டும் நிகழ்வதற்கும் நிபந்தனைக்கும் ‘வென்’. கலாத்தியர் 4:4-ல் காலம் நிறைவேறியதைச் சொல்லுமிடத்தில் இக்கால ஜெர்மன் வேதாகமம் ‘அல்ஸ்’ என்றே எழுதுகிறது. ஒரே முறை என்பது அச்சொல்லிலேயே அடங்கிவிட்டது.

இனித் தமிழுக்கு வருவோம். ஐரோப்பிய இலக்கணம் சொல்லை எட்டாகப் பகுத்து இணைப்புச் சொல்லுக்கு அவற்றுள் ஓர் இடம் தந்தது. நம் இலக்கணம் சொல்லைப் பெயர், வினை, இடை, உரி என நான்காகவே பகுத்தது. இணைப்பு என்று தனியே ஓர் இனத்தைக் காணவில்லை. சீகன்பால்கு ஐயர் இலத்தீனில் எழுதி 1716-ல் ஹாலேயில் அச்சான தமிழ் இலக்கணமும், திருச்சி வட்டாரத்து ஏலாக்குறிச்சியில் வாழ்ந்த வீரமாமுனிவர் எழுதி 1738-ல் தரங்கம்பாடியில் அச்சான கொடுந்தமிழ் இலக்கணமும் இவ்விரு பகுப்புகளின் நடுவே நின்று எழுதப்பட்டவை. கத்தோலிக்கத் துறவியின் நூல் லுத்தரன் மிஷன் அச்சகம் இருந்த ஊரில் வெளிவந்தது. சமயத்தில் ஒவ்வாதோர் இலக்கணத்தில் ஒரு கூரையின்கீழ் வந்தனர் போலும்.

‘உண்ட்’ என்பதற்கு ‘உம்’ என்று அகராதி எழுதுவது எளிது. ஆனால் தொல்காப்பியம் இடையியலில் ‘உம்’மைக்கு எச்சம், சிறப்பு, ஐயம், எதிர்மறை, முற்று, எண், தெரிநிலை, ஆக்கம் என எட்டுப் பொருள் கூறுகின்றது, ‘உண்ட்’டுக்கு நிகரானது அவற்றுள் எண்ணும்மை ஒன்றே. அதுவும் பெயரோடு செல்லும்; முற்றுவினையோடு செல்லாது. ‘பேதுருவும் யோவானும்’ எனலாம். ‘வந்தானும் உண்டானும்’ என்று எவரும் சொல்லார். இரு செயல்களை இணைக்கத் தமிழ் தரும் இயல்பான வழி வினையெச்சம்: ‘வந்து உண்டான்’. கடைசி வினை ஒன்றே முற்றாக நிற்கும். மற்றவை அதனை நோக்கிச் சாயும். ஜெர்மன் வாக்கியத்தில் ‘உண்ட்’டின் இருபுறமும் சமமாக நின்ற இருவர், தமிழில் ஒருவர் பின் ஒருவராக வரிசையில் நிற்க நேரிடுகின்றது. மொழிபெயர்த்தவரின் குற்றமன்று இது. மொழியின் எலும்பமைப்பு அத்தகையது.

லுத்தரின் வேதாகமம் ‘உண்ட்’ நிறைந்தது. எபிரெயத்தின் ‘வா’வும் கிரேக்கத்தின் ‘காய்’யும் அவர் நடையில் ஓயாது ஒலிக்கின்றன. சீகன்பால்கு, ஃபப்ரீசியுஸ் ஆகியோர் மூல மொழிகளிலிருந்தே மொழிபெயர்த்தனர் எனினும், குழந்தைப் பருவம் முதல் செவியில் ஊறிய வேதம் லுத்தருடையதே. 1742 முதல் சென்னையில் உழைத்த ஃபப்ரீசியுஸ் ஐயர் மூலத்தின் சொல்லுக்குச் சொல் உண்மையாயிருக்க விழைந்தார். அவர்தம் மொழிபெயர்ப்பை லுத்தரன் சபைகள் நெடுங்காலம் கைவிடவில்லை. பிரஷ்யாவிலிருந்து வந்து பாளையங்கோட்டையில் பணிபுரிந்த ரேனியஸ் ஐயர் இதற்கு மாறான கருத்தினர். திருமறையை மொழிபெயர்க்கும் நெறிமுறைகள் பற்றி 1827-ல் ஒரு நூலையே வெளியிட்டு, தமிழின் இயல்புக்குத் தமிழ் வாக்கியம் அடங்க வேண்டும் என வாதாடினார். இருவரும் ஜெர்மானியர், இருவரும் லுத்தரை அறிந்தவர்கள். 1871-ல் முடிந்த பவர் ஐயர் குழுவின் திருத்தம் ஃபப்ரீசியுஸை அடியாகக் கொண்டது. நம் சபைகள் பெரும்பாலும் இன்றும் வாசிக்கும் பழைய மொழிபெயர்ப்பு அதுவே. இனி எடுத்துக்காட்டுகளை அதிலிருந்தே காண்போம்.

மத்தேயு 28:19, 20. கிரேக்கத்தில் ஏவல் வினை ஒன்றே: சீஷராக்குங்கள். போதல், ஞானஸ்நானம் கொடுத்தல், போதித்தல் மூன்றும் எச்சங்கள். லுத்தர் அனைத்தையும் ஏவலாக்கி ‘உண்ட்’டால் பிணைத்தார், அவரிடம் நான்கு கட்டளைகள் சமமாக நிற்கின்றன. தமிழ் மீண்டும் எச்சத்துக்குத் திரும்பியது. ஆனால் தமிழ் வாக்கியத்தில் முற்று கடைசியில்தான் நிற்கும். ஆகவே ‘சீஷராக்கி’ என்பதும் எச்சமாயிற்று, ஏவல் ‘உபதேசம்பண்ணுங்கள்’ என்பதன்மேல் விழுந்தது. மூலத்தில் முடிசூடிய வினை தமிழில் வழிப்போக்கனாயிற்று. நம் மிஷன்கள் எங்கெங்கும் பள்ளிக்கூடம் கட்டியதற்கு இதுவே காரணம் என்று கூறுவது மிகையாகும். ஆயினும் இவ்வசனத்தைக் கொண்டு உபதேசமே இறுதி நோக்கம் எனப் பிரசங்கிப்போர், தமிழின் வாக்கிய அமைப்பைப் பிரசங்கிக்கின்றனரேயன்றி மத்தேயுவை அன்று. 1995-ல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் இங்கே ஏவல்களைத் தனித்தனி நிறுத்தியது. அவ்வகையில் அது லுத்தருக்கு அண்மையது.

இதனினும் நுண்ணியது மாற்கு 1:15. கிரேக்கத்திலும் லுத்தரிடத்திலும் இரு ஏவல்கள். நடுவே ‘காய்’, ‘உண்ட்’. தமிழில் முதல் ஏவல் ‘மனந்திரும்பி’ என எச்சமாயிற்று. திருவிவிலியமும் இவ்விடத்தில் எச்சத்தையே வைத்துக்கொண்டது. கேட்போர் செவிக்கு என்ன தோன்றுகின்றது? முதலில் மனந்திரும்பி முடிக்க வேண்டும், பின்பு விசுவாசிக்கலாம். மனந்திரும்புதல் விசுவாசத்திற்கு முன்படி, ஒருவகை நுழைவுக் கட்டணம் என்று ஆகிவிடுகின்றது. லுத்தரோ 1517-ஆம் ஆண்டின் 95 கருத்துரைகளில் முதலாவதிலேயே விசுவாசியின் வாழ்நாள் முழுவதும் மனந்திரும்புதலே என்றார். 1530-ஆம் ஆண்டு ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கையின் 12-ஆம் பிரிவு, மனந்திரும்புதலுக்கு இரு பகுதிகள் உண்டு, ஒன்று மனநொறுக்கம், மற்றொன்று விசுவாசம் என்கிறது. அதாவது விசுவாசம் மனந்திரும்புதலுக்குப் பின்வருவதன்று, அதன் உள்ளுறுப்பு. நம் நாட்டுப்புறச் சபைகளில், ‘நான் இன்னும் முழுக்கத் திருந்தவில்லை, ஐயா, எப்படி விசுவாசிப்பேன்?’ என்று திருவிருந்துக்கு வராமல் பின்வரிசையில் அமர்ந்துவிடுவோரைப் போதகர் பலர் அறிவர். அவர்களைப் பின்வரிசையில் அமர்த்தியதில் ஓர் இகர ஈற்றுக்கும் சிறு பங்கு உண்டோ என நாம் ஐயுறுகின்றோம்.

இந்த ஐயத்தை நாம் முதன்முதல் எழுப்பவில்லை. கோட்டையிலிருந்து வடக்கே காவிரியைக் கடந்தால் ஸ்ரீரங்கம். அங்கே 13-ஆம் நூற்றாண்டில் நம்பிள்ளை திருவாய்மொழிக்கு நிகழ்த்திய விரிவுரை, வடக்குத் திருவீதிப் பிள்ளையால் எழுதப்பெற்று ‘ஈடு’ என நிலைத்தது. ஓர் உம்மைக்கு, ஓர் ஏகாரத்திற்கு என்ன பொருள், எதனைத் தழுவுகின்றது, எதனை விலக்குகின்றது எனத் துருவித் துருவிக் கேட்ட உரைமரபு அது. வடக்குத் திருவீதிப் பிள்ளையின் மகனார் பிள்ளை லோகாசாரியார். அவர் தம் ‘முமுக்ஷுப்படி’ என்னும் நூலில் பகவத்கீதை 18:66-ஐ விளக்குகையில், ‘பரித்யஜ்ய’ என்னும் ஒரு வடமொழி எச்சத்திடம் நின்றுவிடுகின்றார். ‘முற்றும் விட்டு’ என்பது அதன் பொருள். மற்றெல்லா வழிகளையும் விட்டு என்னைச் சரணடை என்னுமிடத்தில், அந்த ‘விட்டு’ யாது? நீராடி உண்ண வேண்டும் என்றாற்போல, முன்னது செய்யப்பட்டே பின்னது செய்யப்பட வேண்டும் என்று லோகாசாரியார் கொண்டார்; விடுதலும் விதிக்கப்பட்டதே. வேதாந்த தேசிகரோ, அது கட்டளையன்று; ஏற்கெனவே வேறு வழியற்று நிற்பவனின் நிலையை எடுத்துச் சொல்வது மட்டுமே என்றார். தென்கலை, வடகலைப் பிரிவினரின் கருத்து வேற்றுமைகளுள் இதுவும் ஒன்று. ஓர் எச்சத்தின் பொருளில் அருளும் மனித முயற்சியும் பற்றிய ஒரு வழக்கு அடங்கியிருந்தது.

ஜெர்மன் இறையியலார் ருடால்ஃப் ஓட்டோ இந்த வைணவ வழக்கினைக் கூர்ந்து கற்று, 1930-ல் இந்தியாவின் அருட்சமயத்தையும் கிறிஸ்தவத்தையும் ஒப்பிட்டு ஒரு நூல் எழுதினார். குரங்குக் குட்டியும் பூனைக் குட்டியும் பற்றிய உவமைகளை மேனாட்டு வாசகர்க்கு விளக்கிய அந்நூலை நம்மவர் எடுத்துக்காட்டுவதுண்டு. அவ்வுவமைகளைவிட எச்சத்தின் வழக்கே நம் பிரசங்க பீடத்திற்கு அண்மையது என்பது எம் கருத்து. சுவார்ட்ஸ் ஐயர் பிரசங்கித்த ஆலயத்திலிருந்து சில கல் தொலைவில், அவர் பிறப்பதற்கு நான்கு நூற்றாண்டுகளுக்கு முன்பே, ‘விட்டு’ என்பதில் எது முன், எது பின், எது கட்டளை, எது நிலை என்று தமிழில் வாதாடியிருந்தனர்.

அந்த வாதத்தைக் கொண்டு ‘மனந்திரும்பி’யை மறுபடி நோக்குவோம். தமிழின் ‘செய்து’ என்னும் எச்சம் எப்போதும் முன்பின் வரிசையைக் காட்டுவதன்று. ‘குளித்து உண்டான்’ என்றால் இரண்டு செயல்கள், ஒன்று முடிந்து மற்றொன்று. ‘காவிரி பெருகி வயல் நிறைந்தது’ என்றால் காரணமும் விளைவும். ‘நடந்து வந்தான்’ என்றால்? நடந்து முடித்துப் பின்பு வந்தான் என எவரும் கொள்ளார். வருகையே நடையாக இருந்தது. மூன்றிடத்தும் உருவம் ஒன்றே, உறவு வேறு. ஜெர்மானியர் முதலாவதற்கு ‘நாக்டேம்’ என்றோ ‘உண்ட்’ என்றோ சொல்வர், இரண்டாவதற்கு ‘வைல்’ என்பர், மூன்றாவதற்கு இணைப்பையே நாடார். நாம் ஒரே எச்சத்தால் மூன்றையும் சொல்லி, எது என்பதைக் கேட்போர் அறிவுக்கு விட்டுவிடுகின்றோம். ‘மனந்திரும்பி விசுவாசித்தல்’ என்பது ‘குளித்து உண்ணல்’ போன்றதா, ‘நடந்து வருதல்’ போன்றதா? பின்னதாகக் கொண்டால் ஆக்ஸ்பர்க் அறிக்கைக்கும் தமிழ் வசனத்திற்கும் பகையில்லை. மொழிபெயர்ப்பைத் திருத்த வேண்டும் என நாம் கூறவில்லை. எந்த ‘செய்து’ என்பதைப் போதகர் சொல்லியாக வேண்டும். எழுத்து அதனைச் சொல்லாது.

எச்சத்தால் இழப்பு மட்டுமே நேர்ந்தது என எண்ணவும் கூடாது. யோவான் 3:16-ல் லுத்தரின் வாக்கியம் தேவ அன்பில் தொடங்கி, ‘டாஸ்’ வழியாகக் குமாரனைத் தந்ததற்குச் சென்று, ‘ஆஃப் டாஸ்’ வழியாக விசுவாசிகளை அடைந்து, ‘சோண்டர்ன்’ என்னும் திருப்பத்தில் திரும்பி நித்திய ஜீவனில் முடிகின்றது. பழைய தமிழ் மொழிபெயர்ப்பு அவ்வழியைத் தலைகீழாகக் கடக்கின்றது. ‘படிக்கு’ என்னும் நோக்கம் முதலில். தந்தருளியது எச்சமாய் நடுவில். அன்புகூர்ந்தது முற்றாகக் கடைசியில். ‘சோண்டர்ன்’ ‘ஆமல்’ ஈற்றுக்குள் கரைந்தது. நித்திய ஜீவனில் முடிய வேண்டிய வாக்கியம் அன்பில் முடிகின்றது. முன்னும் பின்னும் மாறியதால் காரண விளைவுத் தொடர் சற்றுத் தளர்ந்தது உண்மையே. ஆனால் தமிழ்ச் சபை இவ்வசனத்தைச் சேர்ந்து சொல்லுகையில் கடைசியாக நாவில் நிற்பது தேவனுடைய அன்பு. இப்பேறு லுத்தரின் வாக்கியத்தில் இல்லை.

‘ஏனெனில்’ என்பதனையும் காண்போம். கிரேக்க ‘கார்’, லுத்தரின் ‘டென்’ ஆகியவற்றிற்கு நம் மொழிபெயர்ப்பாளர் கையாண்ட சொற்களுள் இது ஒன்று. இதன் பிறப்பு உரைநூல்களில். ‘ஏன் எனில்’ என்று உரைகாரர் மாணவன் வாயில் வினாவை வைத்துத் தாமே விடையிறுப்பர். வாக்கியத்தை முடித்துவிட்டுப் பின்னர்க் காரணம் கூறத் தமிழில் இருந்த கருவி இதுவே. ‘டென்’னுக்கு இதனைவிடப் பொருத்தமானது கிடைத்திராது. ‘படியால்’ எனச் சேர்த்திருந்தால் ‘வைல்’ ஆகியிருக்கும். ரோமர் 1:16 முதல் 18 வரை பவுல் அடுக்கும் ‘கார்’கள் ஒவ்வொன்றும், கேளாத வினாவுக்கு அளித்த விடை எனக் கொண்டு அப்பகுதியைப் பிரசங்கிப்பது பயனுள்ள பயிற்சி.

இனி முன்னர் நினைவில் வைக்க வேண்டியதற்கு வருவோம். லூக்கா 7:47. பரிசேயன் வீட்டில் இயேசுவின் பாதங்களைக் கண்ணீரால் நனைத்த பெண்ணின் பாவங்கள் மன்னிக்கப்பட்டன. அவள் மிகவும் அன்புகூர்ந்தாள். இரண்டிற்கும் இடையே கிரேக்கத்தில் ‘ஹோட்டி’. அன்புகூர்ந்ததால் மன்னிப்புக் கிடைத்ததா? மன்னிப்புக் கிடைத்ததென்பதை அன்பால் அறிகின்றோமா? சீர்திருத்த காலத்தில் ரோமச் சபையாரும் சீர்திருத்தினோரும் எதிரெதிர் நின்ற வசனம் இது. மெலங்க்தன் 1531-ல் எழுதிய ஆக்ஸ்பர்க் அறிக்கையின் மறுமொழி நூலில் இதற்கு இடம் ஒதுக்கி விடையளித்தார். லுத்தர் இங்கே எழுதியது ‘வைல்’ அன்று, ‘டென்’. எரியும் விளக்கைக் கண்டு பரிசல்காரன் வீட்டிலிருப்பதை அறிவது போல் கொள்ள அச்சொல் இடந்தருகின்றது. அதே வசனத்தின் பிற்பகுதி, கொஞ்சம் மன்னிக்கப்படுகிறவன் கொஞ்சமாய் அன்புகூருவான் என்று மன்னிப்பை முன்னும் அன்பைப் பின்னும் நிறுத்துவதால் இப்பொருளே தக்கது எனத் தெளிகின்றது.

தமிழ் மொழிபெயர்ப்பாளர் முன் இரு வழிகள் இருந்தன. ‘அன்புகூர்ந்தபடியால்’ என்றிருப்பின், அன்பே மன்னிப்பின் விலை என்று முடிவாகியிருக்கும். ‘ஏனெனில்’ என்றிருப்பின், லுத்தரின் ‘டென்’ தமிழில் நின்றிருக்கும். பழைய மொழிபெயர்ப்பு இரண்டையும் விட்டது. மன்னிக்கப்பட்டது என்று வாக்கியத்தை முடித்துவிட்டு, இணைப்புச் சொல் ஏதுமின்றி, அவள் ‘அன்புகூர்ந்தாளே’ என்று ஓர் ஏகாரத்தோடு நிறுத்தியது. தேற்றேகாரம் என்று நம் இலக்கணம் இதனை அழைக்கும். காரணம் சொல்லும் சொல்லன்று அது. ‘நீயே பார்க்கின்றாயே, சீமோனே’ என்று கேட்பவன் கண்ணைக் கண்டதன்பால் திருப்பும் இடைச்சொல். தண்ணீர் கொடாத சீமோனையும் கண்ணீர் சொரிந்த பெண்ணையும் எதிரெதிர் நிறுத்திய முந்தைய மூன்று வசனங்களும் அந்த ஓரெழுத்தில் வந்து சேர்கின்றன.